'ஶம் நோ மித்ர:' – சந்தை முறையில் மனப்பாடம் செய்வது எப்படி

வேத மந்திரம் கற்க வருபவர்கள் பெரும்பாலும் ருத்ரத்திலோ புருஷ ஸூக்தத்திலோ தொடங்க ஆசைப்படுகிறார்கள். அதைவிட, தைத்திரீய உபநிஷத்தின் ஶீக்ஷாவல்லி என்ற அத்தியாயத்தில் முதல் அனுவாகமான (உட்பிரிவான) 'ஶம் நோ மித்ர:'வில் தொடங்குவது நல்லது. பதினைந்தே வாக்கியங்கள், சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் கிருஷ்ண யஜுர்வேத ஸ்வரத்தில் ஒருவர் தடுக்கி விழக்கூடிய இடங்களில் பாதி இந்தச் சின்ன அனுவாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடலாம். வேதம் குருமுகமாகக் கற்க வேண்டியது. உபநயனம் ஆனவர்களுக்கு என்பது மரபின் விதி. இன்று ஆண் பெண் இருபாலரும் சேர்ந்து கற்கும் வகுப்புகளும் நடக்கின்றன, அதில் கருத்து வேறுபாடும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் திருத்த ஒரு காது எதிரே இருக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. இந்தக் கட்டுரை வாத்தியாருக்கு மாற்று ஆகாது. சந்தை, அதாவது ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லும் முறை, நடக்கும் வகுப்பில் என்ன நடக்கிறது, வீட்டில் எதைக் கவனித்துப் பழக வேண்டும் என்பதற்கு மட்டுமே இது.

மூலம் இது:

1. ஶம் நோ மித்ர: ஶம் வருண:
2. ஶம் நோ ப⁴வத்வர்யமா
3. ஶம் ந இந்த்³ரோ ப்³ருஹஸ்பதி:
4. ஶம் நோ விஷ்ணுருருக்ரம:
5. நமோ ப்³ரஹ்மணே
6. நமஸ்தே வாயோ
7. த்வமேவ ப்ரத்யக்ஷம் ப்³ரஹ்மாஸி
8. த்வாமேவ ப்ரத்யக்ஷம் ப்³ரஹ்ம வதி³ஷ்யாமி
9. ருதம் வதி³ஷ்யாமி
10. ஸத்யம் வதி³ஷ்யாமி
11. தன்மாமவது
12. தத்³வக்தாரமவது
13. அவது மாம்
14. அவது வக்தாரம்
15. ஓம் ஶாந்தி: ஶாந்தி: ஶாந்தி:

பொருளைப் பத்து நிமிடம் செலவிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மித்ரன், வருணன், அர்யமா, இந்திரன், பிருஹஸ்பதி, விஷ்ணு ஆகியோர் நமக்கு நன்மை செய்யட்டும் என்று முதல் நான்கு. பிரம்மத்துக்கும் வாயுவுக்கும் வணக்கம். வாயுவே, நீயே கண்முன் நிற்கும் பிரம்மம், உன்னையே அப்படிச் சொல்வேன், ருதத்தை (உலக ஒழுங்கை) சொல்வேன், ஸத்யத்தைச் சொல்வேன். அது என்னைக் காக்கட்டும், சொல்பவரான ஆசிரியரைக் காக்கட்டும். பொருள் தெரிந்தவருக்கு வாக்கியங்களின் வரிசை தானாக நிற்கும். மட்டமாக ஓதுபவர்கள் என்று, உச்சரிப்பு இலக்கணம் சொல்லும் பாணினீய ஶிக்ஷை என்ற நூல் அடுக்கும் ஆறு பேரில் பொருள் தெரியாதவரும் ஒருவர். பாட்டாகப் பாடுபவர், வேகமாக ஓட்டுபவர், தலையை ஆட்டுபவர், எழுதியதைப் பார்த்து வாசிப்பவர், குரல் எழும்பாதவர் ஆகியோர் மற்ற ஐவர்.

ஸ்வரத்துக்கு முன் எழுத்து

தமிழ்க் காதுக்கு இதில் பெரிய சிக்கல் தகரம். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் 'த' தானாகவே குழைந்துவிடும்; மெல்லினத்தை அடுத்து வந்தாலும் அப்படித்தான். 'அவது' என்பதை நாம் 'அது' என்பதில் வரும் து போலவே சொல்லிவிடுவோம். அங்கே வேண்டியது 'பத்து' என்பதில் கேட்கும் வல்லின து, ஆனால் இரட்டிக்காமல். அதே அனுவாகத்தில் 'வதி³ஷ்யாமி'யில் இருப்பது மெலிந்த த³. இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால்தான் தமிழ்ப் பதிப்புகளில் மேலே 2, 3, 4 என்று எண் போடுகிறார்கள். எண் இல்லாவிட்டால் க, ச, ட, த, ப வல்லினமாகவே ஒலிக்க வேண்டும். 3 என்றால் மெலிந்தது. 2-ம் 4-ம் முறையே அவற்றுடன் மூச்சுக் காற்றும் சேர்ந்தவை. 'ப⁴வது'வில் ப⁴ அப்படிப்பட்டது. நெஞ்சிலிருந்து காற்று வர வேண்டும். உதட்டருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் காற்று படும்.

இந்த விதியை வைத்துக்கொண்டு மூன்று சொற்களைச் சோதியுங்கள்: 'ஶாந்தி', 'ப்³ருஹஸ்பதி', 'வக்தாரம்'. மூன்றிலும் வல்லினத் த. 'ஶாந்தி'யைத் தமிழில் 'சாந்து' என்பது போல மெலித்துச் சொல்வதுதான் மிகப் பரவலான பிழை. ந்-க்குப் பிறகு நாக்கைச் சட்டென்று பல்லில் அழுத்தி எடுத்தால் சரியாகிவிடும். 'இந்த்³ர'வில் மட்டும் மெலிந்ததே சரி.

ஶ, ஷ, ஸ மூன்றும் வேறு. நாக்கின் நடு மேலண்ணத்தை நெருங்கினால் ஶ. நுனி மடங்கினால் ஷ. பல்லருகே போனால் ஸ. 'ஶம்' என்பதை 'ஸம்' என்றால் வேறு சொல்லாகிவிடுகிறது.

ஸம்ஸ்கிருதத்தில் ஏ, ஓ எப்போதும் நெடில். தமிழில் எ, ஒ குறில் இருப்பதால் 'நமொ', 'த்வமெவ' என்று குறுக்கிவிடுவோம். எதிர்ப்பக்கம், கூட்டெழுத்துக்கு முன்னால் உள்ள குறிலை இழுத்து 'ஸாத்யம்' ஆக்குவதும் உண்டு. மாத்திரைக்கு ஶிக்ஷை தரும் அளவு அழகானது: குறில் பனங்காடையின் ஒரு கூவல், நெடில் காக்கையின் கரைவு, மூன்று மாத்திரை மயிலின் அகவல், அரை மாத்திரை கீரியின் ஒலி. காக்கையைக் கேட்டிருப்பவர்களுக்கு நெடிலின் நீளம் விளங்கிவிடும்.

விஸர்க்கம் (சொல்லின் முடிவில் ':' என்று எழுதும் ஒலி) முன்னே நிற்கும் உயிரை எதிரொலிக்கும். 'வருண:' வரி முடிவில் 'வருணஹ', 'ப்³ருஹஸ்பதி:' 'ப்³ருஹஸ்பதிஹி'. அந்த ஹி குட்டையாக, அதே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். 'ஹீ' என்று நீட்டினால் ஓர் அசை கூடிவிடும். அடுத்து ஶ வந்தால் விஸர்க்கம் அதோடு கரையும்: முதல் வரியைச் சொல்லும்போது 'மித்ரஶ்ஶம் வருண:' என்றுதான் காதில் விழ வேண்டும். 'ஶம் நோ' சேர்ந்து 'ஶன்னோ' ஆகும். நான்காம் வரியில் 'விஷ்ணு: + உருக்ரம:' சேரும்போது இரண்டு 'ரு' வரும். ஒன்றை விழுங்கி 'விஷ்ணுருக்ரம' என்பவர்கள் ஏராளம். விஷ்-ணு-ரு-ரு-க்ர-ம: என்று விரல் விட்டு ஆறு எண்ணிப் பழகுங்கள்.

மூன்று படிகள்

அச்சில் எழுத்துக்குக் கீழே படுக்கைக் கோடு இருந்தால் அனுதாத்தம், இறக்கிச் சொல்ல வேண்டும். மேலே ஒரு செங்குத்துக் கோடு ஸ்வரிதம், ஏற்றிச் சொல்ல வேண்டும். மேலே இரட்டைக் கோடு தீர்க்க ஸ்வரிதம், நடுவில் தொடங்கி மேலே ஏற வேண்டும். கோடே இல்லாதது உதாத்தம், அல்லது ஸ்வரிதத்துக்குப் பின் தொடரும் ப்ரசயம். இவை இரண்டும் நடுப் படி. கீழே இவற்றைக் கீழ், நடு, மேல் என்றே குறிக்கிறோம்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: தமிழ்நாட்டு யஜுர்வேத வழக்கில் நடு ஸட்ஜம் என்றால், கீழ் கைசிகி நிஷாதம், மேல் சுத்த ரிஷபம். அதாவது கீழே முழுப்படி, மேலே அரைப்படி. ஸ–நி–ஸ–ரி–ஸ என்று சுருதிப் பெட்டியோடு ஐந்து நிமிடம் பழகினால் தொண்டைக்கு இடம் பிடிபடும். பிறகு பெட்டியை அணைத்துவிடுங்கள். சங்கீதம் கற்றவர்கள் செய்யும் பிழை மேலே போகும்போது சதுஸ்ருதி ரிஷபம் வரை ஏறிவிடுவது. அதோடு கமகமும் ஒட்டிக்கொள்ளும். உடனே அது பாட்டாகிவிடும். மேல் ஸ்வரம் நடுவை உரசிக்கொண்டே நிற்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். முதல் நான்கு வரிகளும் 'ஶம் ந…' என்றே தொடங்குகின்றன. முதல் வரி வாயில் ஏறியவுடன் மற்ற மூன்றும் அதே மெட்டில் போகத் துடிக்கும். ஆனால்:

வரி 1: ஶம் நடு, நோ மேல், மி கீழ், த்ர: நடு, ஶம் நடு, வ நடு, ரு மேல், ண: நடு.
வரி 2: ஶம் நடு, நோ மேல், ப⁴-வ-த்வ மூன்றும் நடு, ர்ய கீழ், மா நடு.
வரி 3: ஶம் நடு, ந கீழ், இந் நடு, த்³ரோ கீழ், ப்³ரு நடு, ஹ கீழ், ஸ்ப நடு, தி: மேல்.
வரி 4: ஶம் நடு, நோ கீழ், விஷ் நடு, ணு மேல், ரு-ரு நடு, க்ர கீழ், ம: நடு.

முதல் இரண்டில் 'நோ' மேலே, அடுத்த இரண்டில் கீழே. இது ஏன் என்று தெரிந்துவிட்டால் மறக்காது. உதாத்தத்தை அடுத்து வரும் அசை இயல்பாக மேலே ஏறும். ஆனால் அதற்கு அடுத்த அசையும் உதாத்தமாக இருந்தால், ஏறாமல் கீழே இறங்கிவிடும். 'இந்த்³ர', 'விஷ்ணு' இரண்டும் முதலசையில் உதாத்தம் கொண்டவை, அதனால் முன்னால் நிற்கும் ந, நோ இறங்குகின்றன. 'மித்ர'வில் உதாத்தம் இரண்டாம் அசையில் இருப்பதால் 'நோ' தாராளமாக ஏறுகிறது.

இந்த ஒரு விதி அனுவாகம் முழுக்க வேலை செய்கிறது. 5-ல் 'நமோ'வின் மோ கீழ், காரணம் அடுத்து ப்³ரஹ்மவின் உதாத்தம். 6-ல் 'நமஸ்தே'யின் மஸ் மேல், காரணம் பின்னால் உதாத்தமே இல்லை. கடைசி வரியில் முதல் இரண்டு 'ஶாந்தி:'களில் தி: கீழே, மூன்றாவதில் மேலே. மூன்றாவதுக்குப் பிறகு வேறு ஶாந்தி இல்லை, அவ்வளவுதான். பஜனை மேடைகளில் மூன்றையும் படிப்படியாக இறக்கி முடிப்பது கேட்க இதமாக இருக்கும். வேத ஸ்வரம் அது இல்லை.

7-ம் 8-ம் தொடங்கும்போது கீழும் நடுவும் மாறி மாறி வரும்: த்வ நடு, மே கீழ், வ நடு, ப்ர கீழ், த்ய நடு, க்ஷம் கீழ், ப்³ர நடு, ஹ்மா மேல், ஸி நடு. எட்டில் முதலசை 'த்வா' நெடில். குறிலாகச் சொன்னால் 'நீயே' என்ற எழுவாய் நின்றுவிடும், 'உன்னையே' என்ற பொருள் போய்விடும். அடுத்த பொறி 'வதி³ஷ்யாமி'. 8-ல் மேல் ஸ்வரம் 'ஹ்ம'வில் முடிந்துவிட்டதால் 'வ' நடுவிலேயே ஓடும். 9, 10-ல் 'ரு கீழ், தம் நடு', 'ஸ கீழ், த்யம் நடு' என்று வந்து 'வ' மேலே ஏறும். இந்த இரண்டு வரிகளும் கீழ் ஸ்வரத்தில் தொடங்குவதால் குழுவாகச் சொல்லும்போது சிலர் அதையே நடுவாக எடுத்துக்கொண்டு முழு வரியையும் ஒரு படி தாழ்த்திவிடுவார்கள். 8-ன் கடைசி 'மி' காதில் இருக்கும்போதே அதிலிருந்து ஒரு படி இறங்கி 'ரு' எடுக்க வேண்டும். நடுவே நீண்ட இடைவெளி விட்டால் பிடி நழுவும்.

'அவது' நான்கு முறை வருகிறது. 11: தன் நடு, மா நடு, ம மேல், வ-து நடு. 12: தத்³ நடு, வ கீழ், க்தா நடு, ர மேல், ம-வ-து நடு. 13: அ நடு, வ மேல், து கீழ், மாம் நடு. 14: அ நடு, வ மேல், து நடு, வ கீழ், க்தா நடு, ரம் தீர்க்க ஸ்வரிதம். வினைச்சொல் வாக்கியத்தின் தலையில் நின்றால் உதாத்தம் பெறும், பின்னால் வந்தால் இழக்கும். அதனால்தான் 13, 14-ல் அதே சொல் வேறு நடை நடக்கிறது. இரட்டைக் கோடு இந்த அனுவாகத்தில் 'வக்தாரம்' என்பதன் முடிவில் மட்டும்தான். 'ர'வை நடுவில் பிடித்து, மூக்கொலியோடு மேலே ஏற்றி, உதடு மூடி நிறுத்துங்கள்.

சந்தை சொல்லும் விதம்

ஆசிரியர் ஒரு முறை சொல்வார், மாணவர் இரு முறை சொல்ல வேண்டும். இதுதான் சந்தை. முதல் முறை சொல்லும்போது வாய் முயற்சி செய்யும். இரண்டாம் முறையில் காது கேட்டதையும் வாய் சொன்னதையும் ஒப்பிடும். இரண்டாவது பிழையாக வந்தால் ஆசிரியர் மேலே போகமாட்டார்.

அலகு சிறிதாகத் தொடங்கும். முதலில் 'ஶம் நோ மித்ர:' மட்டும். பிறகு 'ஶம் வருண:'. பிறகு முழு வரி. அடுத்த வரி முடிந்ததும் இரண்டும் சேர்த்து. நான்கு வரி ஆனதும் நான்கையும் ஒரே ஓட்டமாக. புதியவர்களுக்கு முதல் நாள் 1–4, இரண்டாம் நாள் 5–10, மூன்றாம் நாள் 11–15 என்பது சுமக்கக்கூடிய அளவு. ஒவ்வொரு நாளும் முந்தைய பகுதியைப் பத்து முறை சொல்லிவிட்டுத்தான் புதிய பாடம். நான்காம் நாளிலிருந்து முழு அனுவாகம் தினம் பத்து முறை, ஒரு மண்டலம்.

சந்தையின்போது புத்தகம் மூடியே இருக்கட்டும். கண் முன்னால் எழுத்து இருந்தால் காது சோம்பிவிடும். கோடு எங்கே இருக்கிறது என்று நினைவிருக்கும், குரல் எங்கே போக வேண்டும் என்று நினைவிருக்காது. ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தைத் திறந்து, வாயில் இருப்பதோடு கோடுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் நீங்களாகத் திருத்தாமல் ஆசிரியரிடம் கேளுங்கள், அச்சுப் பிழையும் சாதாரணம். 'ப்³ரஹ்ம'வில் ஹ முதலில் கேட்க வேண்டுமா ம முதலில் கேட்க வேண்டுமா என்பது போன்ற விஷயங்களில் பாடசாலைக்குப் பாடசாலை வழக்கம் மாறும். உங்கள் ஆசிரியர் சொல்வதுதான் உங்களுக்குப் பாடம். இரண்டு பாணிகளைக் கலக்காதீர்கள். யூடியூப் ஒலிப்பதிவுகளில் கர்நாடகம், மகாராஷ்டிரம், கேரளம் என்று எல்லாப் பாணியும் கிடைப்பதால் இந்தக் கலப்பு இப்போது அதிகம். ஆசிரியர் சொல்வதையே செல்போனில் பதிவு செய்துகொள்வது பாதுகாப்பு.

நம்பூதிரிகளின் ரிக்வேத முறையில் ஆசிரியர் மாணவரின் தலையைப் பிடித்து ஸ்வரத்துக்கேற்ப அசைத்துக் கற்றுக்கொடுப்பார். சுக்ல யஜுர்வேதிகள் கையை ஏற்றி இறக்குவார்கள். தமிழ்நாட்டுத் தைத்திரீய வழக்கில் இரண்டும் இல்லை, உடல் அசையாமல் இருப்பதே முறை. தலை தானாக ஆடினால் முதுகைச் சுவரில் சாய்க்காமல் நிமிர்ந்து, கைகளைத் தொடையில் பதித்து உட்காருங்கள்.

மூச்சு வரி முடிவில் மட்டும். சொல்லின் நடுவே மூச்சு முறிந்தால் அந்த வரியை முதலிலிருந்து சொல்ல வேண்டும். விடிகாலையில் ஓதும்போது நெஞ்சிலிருந்து எழும் தாழ்ந்த குரல், புலியின் உறுமல் போல, என்கிறது ஶிக்ஷை. காலையில் உச்சத்தில் எடுத்தால் அரைமணியில் தொண்டை கட்டிவிடும் என்பது இதற்குப் பின்னால் உள்ள நடைமுறை ஞானம்.

பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி நாட்கள் அனத்யயனம். புதிய பாடம் கிடையாது. வகுப்பை ஞாயிறு தவறாமல் என்று வைப்பவர்கள் பஞ்சாங்கத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

மூலத்துக்குள்ளேயே இருக்கும் கணக்கு

பாராயணத்தில் இந்த அனுவாகம் ஶாந்தியோடு நிற்காது. தொடர்ந்து 'ஸத்யம் வதி³ஷ்யாமி பஞ்ச ச' என்று ஒரு வால் வரும். புதியவர்கள் இதை மந்திரத்தின் பகுதி என்று நினைத்துப் பொருள் தேடுவார்கள். இது கணக்கு. 'ஸத்யம் வதிஷ்யாமி' வரை பத்து வாக்கியம், 'பஞ்ச ச', மேலும் ஐந்து. மேலே எண்ணிட்டிருப்பதைப் பாருங்கள்: பத்தாவது அதுவேதான், ஶாந்தியோடு பதினைந்து. ஏதாவது ஒரு வாக்கியம் விட்டுப்போனால் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த அனுவாகம் 'ஶீக்ஷாம் வ்யாக்²யாஸ்யாம:' என்று தொடங்கி, வர்ணம், ஸ்வரம், மாத்திரை, பலம், ஸாம, ஸந்தானம் என்று ஓதுதலின் ஆறு அங்கங்களைச் சொல்லி முடிகிறது. அதன் வால் 'ஶீக்ஷாம் பஞ்ச': ஶீக்ஷாம் என்று தொடங்குவது, ஐந்து வாக்கியம். எழுத்தைக் கையில் எடுக்காமல் மூலத்தைக் காத்தவர்கள் வைத்த பூட்டு இது. ('பஞ்ச'விலும் ச வல்லினம். 'பஞ்சு' என்பது போலக் குழைக்க வேண்டாம்.)

ஸம்ஹிதை எனும் வேதத்தின் முதன்மைத் தொகுப்புக்கு இதைவிடக் கனமான பூட்டுகள் உண்டு. தைத்திரீய ஸம்ஹிதை 7 காண்டம், 44 பிரச்னம், 651 அனுவாகம், 2198 பஞ்சாதி என்று எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பஞ்சாதி என்பது ஐம்பது பதம் (சொல்). அதன் மேல் பதங்களை மாற்றிக் கோத்துச் சொல்லும் முறைகள். 'கணாநாம் த்வா கணபதிம்' என்பதை 1, 2, 3 என்று வைத்துக்கொண்டால் க்ரமம் 1-2, 2-3. ஜடை 1-2, 2-1, 1-2. கனம் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. ஒவ்வொரு சேர்க்கையிலும் ஸந்தியும் ஸ்வரமும் மாறும். உபநிஷத்துக்கு இந்த முறைகள் இல்லை, அதனால் ஶீக்ஷாவல்லி கற்பவர் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது ஶீக்ஷாவல்லியின் பன்னிரண்டாம் அனுவாகத்தைப் பற்றி. அது இதே மந்திரத்தின் இறந்தகால வடிவம்: 'வதி³ஷ்யாமி' இருந்த இடத்தில் 'அவாதி³ஷம்' (சொன்னேன்), 'அவது' இருந்த இடத்தில் 'ஆவீத்' (காத்தது). தொடக்கத்திலிருந்து எட்டாவது வரி வரை ஏறக்குறைய ஒன்றே என்பதால், இரண்டும் தெரிந்தவர்கள் எட்டாம் வரியில் தடம் மாறி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுவார்கள். முதலாவது நன்றாக ஊறி, தூக்கத்தில் கேட்டாலும் 'வதி³ஷ்யாமி' என்று வரும்வரை பன்னிரண்டாவதைத் தொடாதீர்கள். தொட்ட பிறகு இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் சொல்லி, எட்டாம் வரியில் மட்டும் ஒரு கணம் நின்று தொடருங்கள். அங்கேயும் வாலில் கணக்கு இருக்கிறது: 'ஸத்யமவாதி³ஷம் பஞ்ச ச'.